மோர்மன்களோடு ஒரு வழக்கு

1853 ஜூலையில் ரிச்சர்ட் பாலன்டைன் மதராஸ் கரையில் வந்து இறங்கினார். பிறந்தது ஸ்காட்லாந்தில். வந்தது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து, மோர்மன் சபையின் ஊழியராக. அவரையும் மற்றவர்களையும் ஆசியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 1852 ஆகஸ்டு மாநாட்டில்தான், பலதார மணம் தங்கள் மார்க்கத்தில் உண்டு என்பதை அந்தச் சபை முதன்முறையாகப் பகிரங்கமாக அறிவித்தது. பாலன்டைன் போன இடமெல்லாம் அந்தச் செய்தியும் போனது. ‘மோர்மன் மார்க்கம் என்றால் என்ன?’ என்று கேட்டு ரிச்சர்ட்ஸ் என்ற பாதிரியார் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியிருந்தார். பாலன்டைன் மதராஸிலேயே அதற்கு மறுப்பு அச்சிட்டார். அடுத்த ஆண்டு பலதார மணத்தைப் பற்றி இருவர் உரையாடுவதுபோல் ஒரு பிரசுரம், கூடவே ஒரு மாத இதழ். 1854இல், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறினார்.

தமிழ் மண்ணில் மோர்மன்களைப் பற்றி அச்சில் நடந்த ஆரம்பகாலச் சண்டை இது. 170 ஆண்டுகள் கழித்து அதே சண்டை பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்புவதற்குள் சபையின் புலனக் குழுவில் ஒரு காணொளி விழும். சிவப்பு எழுத்தில் ‘எச்சரிக்கை’, கீழே ‘கள்ள உபதேசம்’, கடைசியில் ‘எல்லாருக்கும் அனுப்புங்கள்’. அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லப்பட்டது உண்மையா என்று பார்க்க அவரிடம் எந்த வழியும் இருப்பதில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் மோர்மன்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இந்தச் சபையில் இன்று உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். வேதாகமத்தோடு, ஸ்மித் தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்ன மோர்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி நபர்கள், பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான உடல் உண்டு, மனிதன் தேவனைப்போல் உயரலாம் என்று நம்புகிறார்கள். மற்றக் கிறிஸ்தவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தின் வழிவந்த திரித்துவ நம்பிக்கையை ஏற்காதவர்களை எப்படிக் கிறிஸ்தவர் என்பது? இது வெறும் பகையில் பிறந்த கேள்வி அல்ல. நியாயமான கேள்வி.

பினாங்குத் தமிழர்களுக்கு இது நேரடியாகவே தொடர்புள்ளது. பினாங்கு சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென எழுந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மோர்மன் சபையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே ஒரு மோர்மன் குடும்பத்துப் பெண் அங்கே கத்தோலிக்கராக விரும்பினால் புதிதாக ஞானஸ்நானம் பெற வேண்டும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறவருக்கும் அதே கதிதான். மோர்மன்கள் வேறு சபையின் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. 1891இல் பினாங்குக்கு வந்த மெதடிஸ்டுகளும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கல்யாணப் பேச்சு வரும்போது இவையெல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மோர்மன் சபை தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. கோயம்புத்தூரில் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் அச்சபையின் வெளியீடு ஒன்றைப் படித்துவிட்டு 1950களில் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கணக்கில் தொடர்பு நீடித்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். பெங்களூரில் ஓர் ஆலயம் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்த சபை, 2020 டிசம்பரில் வேலையையும் தொடங்கியது.

சரி, எதிர்ப்பவர்கள் யார்? சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் இதையே முழுநேர ஊழியமாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் பலர். பில் மெக்கீவர் 1979இல் தொடங்கிய மோர்மனிசம் ரிசர்ச் மினிஸ்ட்ரி இன்றும் இணையத்தில் இயங்குகிறது. ‘ஹலோ செயின்ட்ஸ்’ என்ற யூடியூப் வரிசையை நடத்தும் போதகர் ஜெஃப் மெக்கலோ, மோர்மன்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறார். ஆனால் இவர்கள் எல்லாருக்கும் வழி போட்டுக் கொடுத்தவர்கள் ஜெரால்டு டானர், சாண்ட்ரா டானர் தம்பதி.

இருவரும் மோர்மன் குடும்பத்துப் பிள்ளைகள். சபையின் இரண்டாவது தலைவர் பிரிகாம் யங்கின் கொள்ளுப்பேத்தியின் மகள் சாண்ட்ரா. சபையைவிட்டு வெளியே வந்தவர்கள் சால்ட் லேக் சிட்டியிலேயே வீடு போட்டு, சபையின் பழைய பத்திரங்களைத் தேடிப்பிடித்துப் படியெடுத்து விற்றார்கள். மோர்மன் புத்தகத்தின் 1830 முதல் பதிப்பை அப்போது புழக்கத்தில் இருந்த பதிப்போடு வரிவரியாக ஒப்பிட்டு 3,913 மாற்றங்களைக் குறித்து வெளியிட்டார்கள். எழுத்துப் பிழைத் திருத்தங்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம் என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய முறை எளிமையானது: எங்கள் பேச்சை நம்பாதே, உன் சபையின் காகிதத்தையே பார்.

அந்த முறைக்கு 1984இல் பெரிய சோதனை வந்தது. மார்க் ஹாஃப்மன் என்ற பழம்பத்திர வியாபாரி மூலம் 1830 தேதியிட்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. ஸ்மித்தின் ஆரம்பகாலத் துணைவர் மார்ட்டின் ஹாரிஸ் எழுதியதாம். தங்கத் தகடுகளை எடுக்கப்போன ஸ்மித் எதிரில் கண்டது தேவதூதனை அல்ல, வெள்ளைப் பல்லி போன்ற ஒரு பிராணியை. அது பிறகு ஆவியாக உருமாறியது என்றது கடிதம். ஸ்மித்தை மந்திரக்காரர் என்று நிறுவ விரும்பிய எவருக்கும் இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. சபைத் தரப்பிலேயே பலர் அதை உண்மையென நம்பிக் கலங்கிப்போயிருந்தார்கள்.

ஜெரால்டு டானர் நம்பவில்லை. கடிதத்தின் சங்கதிகள் 1834இல் வந்த ஒரு மோர்மன் எதிர்ப்பு நூலோடு விசித்திரமாக ஒத்துப்போவதைக் கண்டார். தன் பத்திரிகையில் 1984 மார்ச்சிலேயே சந்தேகத்தை அச்சிட்டார். தன் கட்சிக்கு லாபமான பத்திரத்தை முதலில் சந்தேகித்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அக்டோபரில் சால்ட் லேக் சிட்டியில் குண்டுகள் வெடித்து இருவர் இறந்தார்கள். வைத்தவர் ஹாஃப்மன். அந்தக் கடிதம் உட்பட, தான் புனைந்த கள்ளப் பத்திரங்கள் அம்பலமாகிவிடும் என்ற பயத்தில் செய்த கொலைகள். 1987இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

டானர்களை மதிக்க இந்த ஒரு சம்பவம் போதும். அவர்கள் முடிவுகளை ஏற்காதவரும் அந்த நேர்மையை மறுக்க முடியாது.

இணையம் வந்தபின் வழக்கு நீதிமன்றத்துக்கும் போனது. மோர்மன் சபையின் நிர்வாகக் கையேட்டுப் பகுதிகளை டானர்கள் தங்கள் தளத்தில் போட்டபோது, பதிப்புரிமை கோரி 1999இல் சபைத் தரப்பு வழக்குத் தொடர்ந்தது, பிறகு சமரசமானது. ஆனால் தகவலை அடைத்துவைக்க முடியவில்லை. ஸ்வீடனில் உயர்பொறுப்பில் இருந்த ஹான்ஸ் மாட்சன், இணையத்தில் படித்தவற்றால் தன் நம்பிக்கை ஆட்டம் கண்டதை 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு முதல் சபையே தன் தளத்தில் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கியது. ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்ததையும், அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்பதையும் 2014இல் அது எழுதியது. ஆபிரகாம் எழுதியதென ஸ்மித் சொன்ன எகிப்தியச் சுவடிகளில் மிஞ்சிய துண்டுகள் ஈமச்சடங்கு நூலைச் சேர்ந்தவை என்பதையும் ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையில் சென்னையில் பிறந்த ஒருவரும் வருகிறார். மலேசியக் கிறிஸ்தவ வாசகர்களுக்கு நன்கு பழக்கமான ரவி சக்கரியாஸ். வால்டர் மார்ட்டின் 1965இல் எழுதிய, மோர்மன்களையும் போலிச் சபைகளில் சேர்த்த ‘தி கிங்டம் ஆஃப் தி கல்ட்ஸ்’ நூலின் 2003 பதிப்புக்குப் பொதுப் பதிப்பாசிரியர் அவரே. 2004 நவம்பர் 14 அன்று சால்ட் லேக் சிட்டியின் மோர்மன் மண்டபத்திலேயே நின்று அவர் பேசினார். நூறாண்டுக்கும் மேலாக வேறு சுவிசேஷகர் எவருக்கும் கிடைக்காத மேடை. அதே மாலையில் ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மவ், மோர்மன்கள் நம்பாதவற்றை நம்புவதாகச் சொல்லி அவர்களுக்கு எதிராகப் பாவம் செய்தோம் என்று மன்னிப்புக் கேட்டார். சொந்தத் தரப்பில் பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமில்லை. மவ் தன் திரித்துவ நம்பிக்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. பொய்ச்சாட்சியை மட்டுமே பாவம் என்றார்.

சக்கரியாஸின் கதை வேறு விதமாக முடிந்தது. அவர் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை, பல ஆண்டுகள் அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதிப்படுத்தியது. பிற சபைகளின் ஸ்தாபகர்களை ஆராய்ந்த நூலுக்குப் பொதுப் பதிப்பாசிரியராக இருந்தவரின் அந்தரங்கத்தை, அவர் உயிரோடிருந்தவரை அவருடைய அமைப்பு ஆராயவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

பினாங்குக்கு வருவோம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம். இரண்டு கிறிஸ்தவத் தரப்புகள் தங்களுக்குள் வாதாட அந்தக் கட்டுப்பாடு தடையல்ல. ஆனால் பிறர் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் பேச்சு தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவில் குற்றம். வாதத்துக்கு இடம் உண்டு, இழிவுபடுத்த இல்லை. ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் வழியே பள்ளிவாசலையும் குவான் யின் கோயிலையும் கடந்து புனித ஜார்ஜ் தேவாலயம் வரை தினம் நடக்கிற மக்களுக்கு அந்த வித்தியாசம் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. டானர்கள் செய்ததுபோல் மூல ஆவணத்தைக் காட்டி, எதிர்த்தரப்பின் பதிலையும் சேர்த்துச் சொல்லும் எழுத்து இந்த விஷயத்தில் தமிழில் மிகக் குறைவு. ஆங்கிலக் காணொளியின் நறுக்கிய துண்டுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தால் ஊழியம் ஆகிவிடாது. போதகர்கள் வாலிபர் கூட்டத்தில் இரண்டு மாலைகளை இதற்கு ஒதுக்கட்டும். ஒரு மாலை மோர்மன் சபையின் சொந்தக் கட்டுரைகளைப் படியுங்கள். மறுமாலை உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மோர்மன் அண்டைவீட்டாரை அழைத்து, அவர் நம்பிக்கையை அவர் வாயாலேயே கேளுங்கள். அதுவரை, ‘எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்று வருவதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.