ஏற்காடு ஏரியைக் குடிக்கும் எஞ்சின்

மே மாதக் கோடை விழா நாட்களில் ஏற்காடு படகு இல்லத்தில் டிக்கெட் எடுப்பதே பெரும்பாடு. மிதி படகுக்காரர்களுக்குக் கால் வலி மிச்சம். மோட்டார் படகுக்காரர்களுக்கு அதுவும் இல்லை, உட்கார்ந்தால் போதும். ஆனால் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களில் மிகச் சிறியவை போக மற்றவற்றுக்கு ரேடியேட்டர் கிடையாது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? காரும் பஸ்ஸும் ஊற்றி வைத்த தண்ணீரையே சுற்றிச் சுற்றி விட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அவுட்போர்டு எஞ்சினோ தான் மிதக்கும் ஏரியிலிருந்தே தண்ணீரை இழுத்து, சூட்டை அதில் ஏற்றி, மறுபடி ஏரியிலேயே கொட்டிவிடுகிறது. ஆகவே ஏரியில் என்ன கலந்திருக்கிறதோ அது எஞ்சினுக்குள்ளும் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

ப்ரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பெட்டியின் பக்கவாட்டில் சல்லடைத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நுழையும் நீரை மேலே ஏற்றும் பம்ப், எஞ்சினிலிருந்து ப்ரொப்பல்லருக்கு இறங்கும் டிரைவ் ஷாஃப்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்ட் சுற்றும் வரை பம்பும் சுற்றும். அதன் உயிர்நாடி இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம். அதன் இறக்கைகள் வளைந்து நிமிர்ந்து தண்ணீரைத் தள்ளுகின்றன. அவை உராயாமல் காப்பதும் அந்தத் தண்ணீர்தான். கரையில் வைத்து, தண்ணீர் கொடுக்காமல், 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று எஞ்சினை ஓடவிட்டால் சற்று நேரத்திலேயே இறக்கைகள் கருகத் தொடங்கும்.

இம்பெல்லரைக் கழற்றும் மெக்கானிக் முதலில் இறக்கைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், பிய்ந்த துண்டு மேலே ஏறி எங்கோ குறுகலான வழியில் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் எஞ்சின் மறுபடி சூடாகும்.

பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் மூடிக்குக் கீழே ஒரு சிறு துளையிலிருந்து நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தாரை மெலிந்தால் முதலில் மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பார்க்கலாம். அடைப்பு அங்கே இல்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்தி, சல்லடைத் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒரு பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டாலே போதும், தண்ணீர் வரத்து நின்றுவிடும்.

நல்ல தண்ணீர்தானே?

காசிமேட்டிலும் ராமேஸ்வரத்திலும் கடல் நீர் உப்பு சேர்க்கும், உலோகத்தை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி எஞ்சின் வேலைகளை முடிப்பார்கள்.

மலை ஏரியில் உப்பு இல்லை. அதனாலேயே அலட்சியம் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் சேர்வராயன் மலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் செம்மண் நீரோடு மணலும் வரும். அந்த மணல் பம்பின் உட்சுவரைத் தேய்க்கும், இம்பெல்லரைக் கீறும். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் வேகமெடுத்தால் ப்ரொப்பல்லரே அடிச்சேற்றைக் கிளப்பி எஞ்சினுக்கு ஊட்டிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எஞ்சினின் அலுமினியம் அரிக்கப்படாமலிருக்க, தான் கரைந்து அதைக் காக்கும் ஒரு உலோகத் துண்டைப் பொருத்துவார்கள். கடலுக்குத் துத்தநாகம் சரி. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து அது செயலற்றுப் போகும். அங்கே மெக்னீசியமே ஏற்றது. கடலோரக் கடையில் வாங்கிய துண்டை அப்படியே மலையில் மாட்டினால், பார்க்கத் தேயாமல் புதிதாகத் தெரியும், எஞ்சின்தான் அரிபடும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் சக்தியும் சமவெளியைவிடச் சுமார் 15 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்குவார். தண்ணீர் வரத்து குறைந்த எஞ்சினில் இது நடந்தால் சிலிண்டர் ஹெட்டுக்குள் நீர் ஆவியாகி, கேஸ்கெட் போய்விடும்.

இதற்கெல்லாம் மருந்து எளிது. சீசன் தொடங்கும் முன், மார்ச்சிலேயே, இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்கலாம். விறைத்து வளைந்திருந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். கலங்கல் நீரில் ஓடிய நாளில் சுத்தமான தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினின் அடிப்பகுதியை இறக்கி, சில நிமிடம் ஓடவிட்டுக் கழுவலாம். பாதி வேலை பட்டறைக்கு வெளியே இருக்கிறது. ஏரியைத் தூர்வாருவது, பாசியை எடுப்பது, 2019 ஜனவரி முதல் அமலில் உள்ள ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையைக் கரையில் கறாராகச் செயல்படுத்துவது எல்லாமே எஞ்சின் பராமரிப்புதான். இம்பெல்லர் வாங்க ஒதுக்கும் பணத்தோடு இதற்கும் ஒதுக்கினால், சிலிண்டர் ஹெட் வாங்கும் செலவு மிஞ்சும்.