மும்முறை முடி சூடிய லீலாவதி

மகா பராக்கிரமபாகுவின் பெயரை அறியாத மாணவர் எமது நாட்டில் இலர். பராக்கிரம சமுத்திரத்தை வெட்டுவித்தவன், கடல் கடந்து படை செலுத்தியவன் என்றெல்லாம் பாடநூல்கள் அவனைப் புகழும். ஆயின் அவனுடைய பட்டத்தரசியின் பெயரைக் கேட்டால் விடை கூறுவோர் அரியர். அவள் பெயர் லீலாவதி. கணவன் 1186 ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், அவ்வரசி பொலநறுவையில் மும்முறை அரியணை ஏறினாள். மும்முறையும் அதினின்று இறக்கப்பட்டாள். அவள் வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் அவள் குடிவழியை அறிதல் வேண்டும்.

சோழர் ஆட்சியை 1070 ஆம் ஆண்டில் ஈழத்தினின்று அகற்றிய முதலாம் விசயபாகுவுக்கு மித்தை என்றொரு தங்கை இருந்தாள். அவளைத் தனக்கு மணம் முடித்துத் தருமாறு சோழ மன்னன் பலமுறை கேட்டும் விசயபாகு இணங்கவில்லை என்றும், பாண்டியர் குலத்து இளவரசன் ஒருவனுக்கே அவளைக் கொடுத்தான் என்றும் சூளவமிசம் கூறுகின்றது. சோழரை வென்றவன் சோழருக்குப் பெண் கொடாமை வியப்பன்று. சோழர்க்குப் பகைவரான பாண்டியரோடு உறவு கொண்டமையே அவனது அரசியல் நுட்பம். அம் மணத்தின் வழிப் பிறந்தோர் மூவர்: மானாபரணன், கீர்த்தி ஸ்ரீமேகன், ஸ்ரீவல்லபன். மானாபரணன் விசயபாகுவின் மகள் இரத்தினாவலியை மணந்தான். அவர்கள் மகனே பராக்கிரமபாகு. ஸ்ரீவல்லபன் சுகலை என்பவளை மணந்தான். அவர்கள் மகள் லீலாவதி.

எனவே லீலாவதியின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டியன். பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டனும் அவனே. ஸ்ரீவல்லபன் என்ற பெயரும் பாண்டிய மன்னர் பலர் தாங்கிய பெயரே. சிங்கள மன்னருள் தலைசிறந்தோன் என்று போற்றப்படுபவனின் நரம்புகளில் மதுரைக் குருதி ஓடிற்று என்பதை இரு மொழியினரும் இன்று எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நம்மவர் வியக்கத்தக்க செய்தி இன்னும் ஒன்றுண்டு. பராக்கிரமபாகுவுக்கு லீலாவதி சிற்றப்பன் மகள். எம் வழக்கப்படி அவள் தங்கை முறையினள். மாமன் மகளையும் அத்தை மகளையும் கொள்வோர் சிற்றப்பன் மகளைக் கொள்ளார். சிங்கள மக்களிடையும் இதுவே வழக்கம். ஊரார்க்கு ஆகாத முறை அரண்மனைக்கு ஆயிற்று. அரசுரிமை வேற்றுக் குடிக்குச் சென்றுவிடலாகாதே என்ற அச்சம் முறைகளையும் வெல்லும் போலும்.

ஆனால் இவ்வுறவு போரைத் தடுக்கவில்லை. லீலாவதியின் உடன்பிறந்தானாகிய மற்றொரு மானாபரணன் உரோகணத்தை ஆண்டான். பராக்கிரமபாகுவின் தமக்கை மித்தை (பாட்டியின் பெயரே பேர்த்திக்கு) அவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இங்ஙனம் பெண் கொடுத்துப் பெண் கொண்ட இரு மைத்துனரும் அரியணைக்காக நெடுங்காலம் பொருதனர். 1153 ஆம் ஆண்டில் பராக்கிரமபாகு பொலநறுவை அரசனாயினான். மானாபரணன் இறந்த பின்னர், அவன் தாய் சுகலை உரோகணத்து மக்களைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினாள். புத்தர் பெருமானின் தந்த தாதுவும் பிச்சாபாத்திரமும் அவள் வசம் இருந்தன. அவற்றை உடையோரே நாட்டுக்கு உரியோர் எனக் கருதப்பட்ட காலம் அது. காடும் மலையும் நிறைந்த அந்நாட்டில் மன்னன் படைகள் பல போர்களைச் செய்தே தாதுக்களை மீட்டன. இறுதியில் சுகலையும் சிறைப்பட்டாள். சிறை பிடித்தவன் மருமகன், சிறைப்பட்டவள் மாமி. இவ்விருவர்க்கும் நடுவே நின்ற லீலாவதியின் மனநிலையைப் பற்றிச் சூளவமிச ஆசிரியர் ஒரு சொல்லும் எழுதினாரல்லர். படை நடந்த வழிகளை ஊர் ஊராக எண்ணிக் கூறும் அவருக்கு இது ஒரு பொருளாகத் தோன்றவில்லை.

பராக்கிரமபாகுவின் பின் அரசாள அவனுக்கு மைந்தன் இலன். உடன்பிறந்தாள் மகனான இரண்டாம் விசயபாகு ஓராண்டு ஆண்டு கொலையுண்டான். அதன்பின் கலிங்க நாட்டினனாகிய நிசங்கமல்லன் 1187 முதல் 1196 வரை ஆண்டான். தற்புகழ்ச்சியில் அவனுக்கு நிகர் யாருமில்லை. எனினும் அவன் கல்வெட்டுக்களில் ஈண்டு எமக்கு வேண்டிய செய்தி ஒன்று உளது. நாடு அரசனின்றி இருத்தலாகாது. இளவரசரும் இல்லாதவிடத்து அரசியருள் ஒருத்தியை ஆட்சியில் அமர்த்துக. அரசியரும் இல்லையாயின் பழைய மன்னரின் பாதுகையையேனும் வைத்து நாட்டைக் காக்க என்பது அதன் கருத்து. பரதன் செயலை அறிந்த நமக்குப் பாதுகை புதிதன்று. அரசியர்க்கு உரிமை உண்டென்று கல்லிற் பொறித்ததே புதிது. அவன் இறந்த மறு ஆண்டிலேயே அதற்குத் தேவை நேர்ந்தது.

நிசங்கமல்லனின் மகன் ஓர் இரவும், தம்பி மூன்று திங்களும், மருமகன் சோடகங்கன் ஒன்பது திங்களும் ஆண்டனர். கித்தி என்னும் தளபதி சோடகங்கனின் கண்களைப் பறித்து நீக்கிவிட்டு, 1197 இல் லீலாவதியை அரியணை ஏற்றினான். மூன்றாண்டின் பின் சகசமல்லன் அவளை அகற்றினான். அடுத்து நிசங்கமல்லனின் அரசி கல்யாணவதி ஆறாண்டு ஆண்டாள். பின்னர்த் தர்மாசோகன் என்னும் மூன்று மாதக் குழந்தைக்கு முடி சூட்டப்பட்டது. சோழ நாட்டினின்று படையுடன் வந்த அனிகங்கன் அக்குழந்தையைக் கொன்று பதினேழு நாள் ஆண்டான். அவனைக் கொன்ற தளபதி 1209 இல் லீலாவதியை மீண்டும் அழைத்தான். ஓராண்டில் லோகேசுவரன் தமிழ்ப் படையொடு வந்து அவளை நீக்கினான். 1211 இல் பராக்கிரமன் என்னும் தளபதி மூன்றாம் முறையாக அவளை அமர்த்தினான். ஏழு திங்களே அவ்வாட்சி நிலைத்தது.

தளபதியர் கைப்பாவை என்று இவளை ஒதுக்கிவிடுவோர் உளர். ஆட்சிப் பொறுப்பைத் தளபதியரே ஏற்றனர் என்பது மெய்யே. ஆனால் தளபதியர் தாமே முடி சூடிக்கொள்ளாமல், முதியவளான ஒரு கைம்பெண்ணை மூன்று முறை தேடிச் சென்றது ஏன்? 1153க்கு முன்பே தந்தையை இழந்த அவளுக்கு 1211 இல் அகவை ஐம்பத்தெட்டுக்குக் குறைந்திருக்க முடியாது. விசயபாகு குடியும் பாண்டியர் குடியும் கலந்த மரபில், பராக்கிரமபாகுவின் அரியணைக்கு அருகில் இருந்தவள் என்று மக்கள் ஏற்கத்தக்கவள் அவளே. தளபதியரிடம் வாள் இருந்தது. உரிமை அவளிடம் இருந்தது. டென்மார்க்கு மன்னன் வால்டெமாரின் மகள் மார்கிரேத், நோர்வே அரசனின் மனைவியாகி, மகன் ஓலாவ் 1387 இல் இறந்த பின்னரும் தானே ஆண்டு, தமக்கையின் பேரனைத் தத்தெடுத்து, 1397 இல் கல்மார் நகரில் மூன்று நாடுகளை ஒன்றாக்கினாள். அவளுக்கும் பிறப்பும் மணமுமே உரிமை தந்தன. அவளிடம் தத்தெடுக்க ஒரு பேரன் இருந்தான். லீலாவதிக்கோ அத்தகைய துணை இல்லை.

குறுகிய அவ்வாட்சிகளிலும் கல்வி வளர்ந்தது. சசதாவத என்னும் சிங்களக் காவியம் அவளது முதலாட்சியில் எழுந்தது. தந்த தாதுவின் வரலாறு கூறும் தாடாவம்சம் என்னும் பாளி நூலைத் தம்மகீர்த்தி தேரர் இயற்றியது, மூன்றாம் முறை அவளை அமர்த்திய தளபதியின் வேண்டுகோளால் ஆகும்.

ஆலங்குடாக் கரையில் நிற்போர்க்கு மேற்கே கடல். கிழக்கே புத்தளக் களப்பு. அக்கடலுக்கு அப்பாலே பாண்டி நாடு. 1344 இல் இபன் பதூதா புத்தளத்தில் தமிழ் மன்னனாகிய ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதும் இக்கடல் வழி வந்தே. மணமகனும் பகைவனும் ஒரே கடலிலேதான் வந்தனர். 1212 இல் வந்தவன் பராக்கிரம பாண்டியன். பாண்டியன் பேர்த்தியைப் பாண்டியனே அரியணையினின்று இறக்கினான். இதனைச் சிங்களர் தமிழர் போர் என்று கூறுவோர் லீலாவதி யார் என்பதை எண்ணிப் பார்த்தாரல்லர். பாண்டியனும் மனுநீதி வழுவாது மூன்றாண்டு ஆண்டான் என்று அதே சூளவமிசம் சான்று பகர்கின்றது. 1215 இல் கலிங்க மாகன் வந்து அவன் கண்களையும் பறித்தான்.

லீலாவதி வெளியிட்ட செப்புக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. இராசராச சோழன் காசின் அமைப்பைப் பின்பற்றி, ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உடையன அவை. நாகரி எழுத்தில் அவற்றிற் பொறித்த வாசகம் "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்பது. இராணி என்றோ தேவி என்றோ அவள் தன்னைக் குறித்துக்கொள்ளவில்லை.