குடல்வால் அழற்சி: வலி இடம் மாறும்போது

"நேற்று மாலையே வலி தொடங்கியது, வாயு என்று எண்ணிச் சோடா கொடுத்தோம்." அவசரச் சிகிச்சைப் பிரிவில் உறவினர்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதிகளிலிருந்து வருவோருள் சிலர் ஓர் இரவை அவ்வாறு இழந்தபின்னரே எங்களிடம் வருகின்றனர்.

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில் அமைந்துள்ள விரல் போன்ற சிறு குழாய். இறுகிய மலத் துணுக்கோ வீங்கிய நிணநீர்த் திசுவோ அதன் வாயை அடைத்தால், உள்ளே கிருமிகள் பெருகிக் குழாய் வீங்குகிறது. முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும் வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். இருமினாலும் நடந்தாலும் குத்தும். பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியனவும் சேரலாம். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் ஆகியோரிடம் அடையாளங்கள் இவ்வளவு தெளிவாக இரா.

கடும் வலி திடீரெனக் குறைந்தால் நிம்மதி கொள்ள வேண்டா. குடல்வால் வெடிக்கும்போதும் அவ்வாறு நேரும். பின்னர்ச் சீழ் பரவி வயிறு முழுவதும் வலிக்கும். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டே இந்நோயுடன் முடிசூட்டு விழாவுக்குச் செல்லப் பிடிவாதம் பிடித்தார். 1902 ஜூன் 26 அன்று நடக்கவிருந்த விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் மருத்துவர்கள் அவரது சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தனர். ஆகஸ்டு 9 அன்றுதான் முடிசூடினார்.

ஆகவே விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடாதீர்கள். உணவையும் நீரையும் நிறுத்தி, ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நெரிசலையும் எண்ணிப் பார்த்து, முன்கூட்டியே புறப்படுங்கள். தேவையெனில் 108ஐ அழையுங்கள்.

"மாத்திரையால் தீராதா?" என்று பலர் வினவுகின்றனர். சிலருக்குத் தீரும். எனினும், 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் பெற்றவர்களுள் பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. மலத் துணுக்கு அடைத்திருந்தோருக்கு இவ்வாய்ப்பு இன்னும் மிகுதி.

இன்று பெரும்பாலும் மூன்று சிறு துளைகளின் வழியே குடல்வாலை அகற்றுகிறோம். வெடிக்காத நிலையில் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். வெடித்திருந்தால் தங்கும் நாட்கள் கூடும். வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயுவால் தோள்பட்டை வலிக்கலாம். அது தானே மறையும். 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்குவதைச் சில வாரங்களுக்கு வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். அகற்றிய குடல்வாலின் திசுப் பரிசோதனை அறிக்கையை மறுபரிசோதனை நாளில் கேட்டுப் பெறுங்கள். அரிதாக அதில் கட்டி தென்படுவதுண்டு.