ஒரே பெயரில் மூன்று இசைத்தட்டுகள்!

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் நாட்டு வழக்கம். பெயரைத் தாங்குவதால்தான் அவன் "பெயரன்" ஆனான். அந்தப் பெயரை வைக்குமுன் தாத்தாவிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை! மேல்நாட்டு இசைத்தட்டு உலகிலும் இதே கதைதான்.

"சட்டம் சும்மா விடுமா?" என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி பாட்டுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை உண்டு. வெறும் தலைப்புக்கு அது கிடையாது. அதனால் ஒருவர் தம் தட்டுக்கு வைத்த பெயரையே இன்னொருவரும் வைத்துவிடுகிறார். அப்படி மூன்று கோஷ்டிகளிடம் போன பெயர் ஒன்று உண்டு.

கனவில் வந்த தாய்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டி 1970-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட தொகுப்பு 'லெட் இட் பி'. "அது அப்படியே இருக்கட்டும்" என்பது பொருள். கோஷ்டிக்குள் மனக்கசப்பு முற்றியிருந்த நேரம். பால் மெக்கார்ட்னியின் கனவில் அவருடைய தாய் மேரி தோன்றி ஆறுதல் சொன்னாராம். அந்தத் தாய் 1956-ம் ஆண்டிலேயே காலமானவர். அப்போது பாலுக்கு வயது 14. கனவில் பிறந்த பாட்டே தொகுப்புக்கும் பெயர் தந்தது.

1969 ஜனவரி 30-ந் தேதி, லண்டனில் தங்கள் அலுவலகத்தின் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் பாடினார்கள். சத்தம் பொறுக்காமல் புகார் போகவே, போலீசார் மாடியேறி வந்தார்கள்! அன்று பாடிய சில பாட்டுகளும் தட்டில் இடம் பெற்றன. ஆனால் தட்டு கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே பால் விலகிய செய்தி வெளியாகிவிட்டது.

இன்னொரு கூரை

14 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' என்று ஓர் இளைஞர் கோஷ்டி. அதில் கிதார் வாசித்தவர் பாப் ஸ்டின்சன். அவர் தம்பி டாமிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

1984-ம் ஆண்டில் புதுத் தட்டு தயாராயிற்று. என்ன பெயர் வைப்பது? கோஷ்டியின் நிர்வாகி பீட்டில்ஸ் பைத்தியம். அவரைச் சீண்டிப் பார்க்க 'லெட் இட் பி' என்றே வைத்துவிட்டார்கள்! அட்டைப் படத்தில் நால்வரும் ஸ்டின்சன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் ஆபத்தான விளையாட்டு. பாட்டுகள் சோடை போயிருந்தால் ஊர் சிரித்திருக்கும். அவை சோடை போகவில்லை. வளரும் பருவத்தின் தனிமையையும் தவிப்பையும் ஒளிக்காமல் சொன்ன அந்தப் பாட்டுகள் ரசிகர்களின் நெஞ்சைத் தொட்டன.

பாட்டில்லாத பெயர்

1988-ம் ஆண்டில் மூன்றாவது 'லெட் இட் பி' வந்தது. அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்று ஸ்லோவேனியாவாக இருக்கும் பகுதியைச் சேர்ந்த 'லைபாக்' கோஷ்டியினர் பீட்டில்ஸ் தட்டில் இருந்த ஏறக்குறைய எல்லாப் பாட்டுகளையும் ராணுவ அணிவகுப்புப் பாணியில் பாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், 'லெட் இட் பி' என்ற பாட்டையே விட்டுவிட்டார்கள்! ரீப்ளேஸ்மெண்ட்ஸ் தட்டிலும் அந்தப் பெயரில் பாட்டு கிடையாது.

முந்தியது யார்?

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2020-ம் ஆண்டில் சிறந்த 500 தொகுப்புகளை வரிசைப்படுத்தியது. பீட்டில்ஸின் 'லெட் இட் பி' 342-வது இடம். ரீப்ளேஸ்மெண்ட்ஸின் 'லெட் இட் பி' 156-வது இடம்!

அந்தப் பெருமையைப் பார்க்க பாப் ஸ்டின்சன் இல்லை. 1986-ல் கோஷ்டியிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1995-ல் தம் 35-வது வயதில் மறைந்தார். அட்டைப் படத்தில் மட்டும் இன்னும் தம்பியோடு கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைக் காப்பாற்றுவதுதான் பெரும் பாடு. பேரன் காப்பாற்றிவிட்டான்!