சக்கர நாற்காலியில் குகைக்குப் போன அம்மா

“நான் காரிலேயே உட்கார்ந்திருக்கேன். நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க.”

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா எங்கே போனாலும் இதையே சொன்னார். முட்டி வலி வந்த பிறகு, பத்துமலைக்குப் போனாலும் 272 படிகளுக்குக் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

அதனால்தான் தங்கை ‘ஆஷ் கேவ்’ குகையைத் தேர்ந்தெடுத்தாள். கொலம்பஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்காவில் இருக்கிறது. அதே பூங்காவின் பெயர்பெற்ற ‘ஓல்டு மேன்ஸ் கேவ்’ முழுக்கப் படிகள், நமக்கு ஆகாது. இங்கே கார் நிறுத்துமிடத்திலிருந்து குகை வரை சுமார் 400 மீட்டருக்குச் சமதளமான பாதை உண்டு.

சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அம்மா முகம் சுருங்கியது. “நான் என்ன நோயாளியா?” பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்தார்.

ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே பாதை வளைந்ததும் எல்லாருமே நின்றுவிட்டோம். குகை என்றால் இருட்டு, வௌவால் என்றுதான் நினைத்திருந்தேன். இது குதிரை லாடம் போல வளைந்த ஒரு பிரம்மாண்டமான பாறைக் கூரை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 213 மீட்டர். கூரை விளிம்பிலிருந்து, 27 மீட்டர் உயரத்தில், மெல்லிய அருவி விழுகிறது.

பத்துமலை சுண்ணாம்புப் பாறை; தண்ணீர் அதைக் கரைத்துக் குடைந்தது. இங்கிருப்பது மணற்பாறை, 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மேல் அடுக்கு கெட்டி, நடு அடுக்கு மென்மை. நீரும் உறைபனியும் நடு அடுக்கைத் துகள் துகளாக உதிர்க்க, மேல் அடுக்கு கூரையாக நின்றுவிட்டது. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய மணலை எங்களிடம் காட்டினார்.

இங்கு வந்த வெள்ளையர்கள் தரையில் பெரிய சாம்பல் மேட்டைக் கண்டார்களாம். பூர்வகுடி மக்கள் மூட்டிய நெருப்பின் மிச்சம் என்கிறார்கள். பெயர் வந்த கதை அதுதான்.

சுவரின் வளைவால் ஒரு முனையில் கிசுகிசுத்தால் மறுமுனையில் கேட்கும் என்று தங்கை சொன்னாள். நான் அந்தப் பக்கம் ஓடிக் காதைத் தீட்டினேன். அருவிச் சத்தத்துக்கு நடுவே அம்மா குரல் வந்தது: “தண்ணி போத்தலை எங்கடா வெச்ச?”

குகைக்கு மேலேயும் ஒரு பாதை போகிறது. மச்சான் ஏறலாம் என்றார். பாறை விளிம்பு, இந்தப் பூங்காவில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. பிள்ளைகளோடு வேண்டாம் என்று நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன்.

காரின் பின்பக்கம் நாற்காலியை மடித்து வைக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தார். “அடியில போடாதே. நாளைக்கும் வேணும்.”