கல்வித் தொழில்நுட்பம்: ஆசிரியர் படைப்பாளியா, பயனாளியா?

புது தில்லி: பாடநூல்களின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் கருப்பு வெள்ளைக் கட்டமான கியூஆர் குறியீட்டை இன்று பள்ளி மாணவர்கள் பலரும் அறிவர். செல்பேசியை அதன் மீது காட்டினால், பாடம் தொடர்பான ஒலி, ஒளிக் காட்சிகள் திறக்கும். இதைப் பாடநூலில் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவர் மகாராஷ்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடி கிராமப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய ரஞ்சித்சிங் டிசலே.

2009-ம் ஆண்டு அவர் அங்கு பணியில் சேர்ந்தபோது, பள்ளிக் கட்டடம் சிதிலமடைந்து, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிக் கிடந்தது. பாடநூல் பிள்ளைகளின் தாய்மொழியில் இல்லை. கன்னடம் பேசும் அப்பிள்ளைகளுக்காக அவர் அம்மொழியைக் கற்றுப் பாடங்களை மொழிபெயர்த்தார். கதை, பாடல், விளக்க உரை ஆகியவற்றைக் குறியீடுகளுடன் இணைத்தார். 2017-ல் மகாராஷ்டிர அரசு இம்முறையை ஏற்றது. என்சிஇஆர்டி பாடநூல்களிலும் குறியீடுகள் இடம்பெறும் என 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. 2020 டிசம்பரில் டிசலேவுக்கு 10 லட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களுக்கு அவர் பகிர்ந்தளித்தார்.

ஒரு கிராமத்து வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்த யோசனை தலைநகரை எட்டியது என்பதே இதன் சிறப்பு. ஏனெனில், கல்வித் தொழில்நுட்பம் பெரும்பாலும் இதற்கு எதிர்த் திசையில்தான் பயணம் செய்து வந்திருக்கிறது.

தலைநகரிலிருந்து வந்த கருவிகள்

1975-76-ல் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையுடன் 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி கொண்டு செல்லப்பட்டது. ஓராண்டில் அச்சோதனை முடிந்தது. கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2010-ல் அதன் பணி நிறைவுற்றது. பள்ளிகளில் கணினிக் கூடங்கள் அமைக்கும் மத்தியத் திட்டம் 2004 டிசம்பரில் தொடங்கியது. மலிவு விலைக் கையடக்கக் கணினியான "ஆகாஷ்' 2011 அக்டோபரில் பெரும் ஆரவாரத்துடன் அறிமுகமாகி, சில ஆண்டுகளிலேயே மறக்கப்பட்டது.

இத்திட்டங்களின் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால், கருவி வாங்குவது நிர்வாகத்துக்கு எளிது. ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒரே நிதியாண்டில் வாங்கி, எண்ணிக்கையைக் கணக்கில் காட்டிவிடலாம். அதைக் கொண்டு ஓர் ஆசிரியர் பாடத்தை எவ்வாறு மாற்றியமைத்தார் என்பதை எந்தப் பயன்பாட்டுச் சான்றிதழும் கூறாது. எனவே பணம் கருவிக்குச் செல்கிறது. பயிற்சியும் பராமரிப்பும் பின்தங்குகின்றன.

கருவியும் எல்லோரையும் எட்டிவிடவில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி, கணினி வசதியுள்ள பள்ளிகள் 64.7 சதவீதம், இணைய இணைப்புள்ளவை 63.5 சதவீதம். மூன்றில் ஒரு பள்ளிக்கு இவை இன்னும் இல்லை.

கேரளம் காட்டிய வழி

கேரளம் வேறு பாதையைத் தேர்ந்தது. 2001-ல் தொடங்கிய "ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தில் ஆசிரியர் பயிற்சியே அடித்தளமாக அமைந்தது. வகுப்பறை அனுபவம் உள்ள ஆசிரியர்களே பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். உரிமத் தொகை தேவைப்படாத கட்டற்ற மென்பொருளை அம்மாநிலம் ஏற்றதால், அதை மலையாளத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ள முடிந்தது. எஜுசாட் உதவியுடன் 2005-ல் தொடங்கப்பட்ட "விக்டர்ஸ்' கல்வித் தொலைக்காட்சி, அச்செயற்கைக்கோள் ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஜூன் 1 முதல் அதன் வழியே மாநில ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். கருவி மாறினாலும், அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தனர்.

"தீக்ஷா' என்ன செய்கிறது?

ஆசிரியர்களுக்கான தேசிய எண்மத் தளமான "தீக்ஷா', 2017 ஆசிரியர் தினத்தன்று தில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. மாநிலங்கள் தங்கள் மொழியில், தங்கள் பாடத்திட்டப்படி பாடங்களைப் பதிவேற்ற இதில் இடமுண்டு. 2018-ல் வெளியான தமிழகத்தின் புதிய பாடநூல்களும் இத்தளத்துடன் இணைக்கப்பட்டன. 2019-ல் நேரடி வகுப்புகளாகத் தொடங்கிய "நிஷ்டா' ஆசிரியர் பயிற்சியும் 2020 அக்டோபர் முதல் இதன் வழியே நடைபெற்றது.

தளம் பயனுள்ளதே. ஆயினும், பாடத்தைக் கேட்டு, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழ் பெறுவதுடன் ஆசிரியரின் பங்கு முடிந்துவிடும் அபாயமும் உள்ளது. எத்தனை லட்சம் பேர் பயிற்சி முடித்தனர் என்பது அறிக்கைக்கு உதவும். ஒரு பழங்குடிக் கிராமத்தின் ஆசிரியர் உள்ளூர் மொழியில் உருவாக்கிய பாடம் அண்டை மாவட்டத்தை எட்டியதா என்பதே கல்விக்கு உதவும்.

இதில் கூட்டாட்சிக் கேள்வியும் அடங்கியுள்ளது. 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பள்ளிகளின் கணினி வசதிக்கான மத்திய நிதி இன்று "சமக்ர சிக்ஷா' திட்டத்தின் வழியே வருகிறது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர மறுத்ததால், 2024-25-ல் தமிழகத்துக்கு அந்நிதி விடுவிக்கப்படவில்லை. கருவிக்கான நிதியும் அதில் இடம்பெறும் பாடமும் ஒரே மையத்தைச் சார்ந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. அந்த நேரம் முழுவதும் பிறர் தயாரித்ததைப் பார்ப்பதிலேயே கழிய வேண்டியதில்லை. ஒரு பகுதியைத் தம் மாணவர்களுக்கான பாடத்தைத் தாமே உருவாக்கவும், அதைச் சக ஆசிரியர்களுடன் பகிரவும் ஒதுக்கலாம். உருவாக்கியவரின் பெயரையும் அதில் பதிவு செய்யலாம். இதற்குப் புதிய செயற்கைக்கோளோ, பெரும் செலவோ தேவையில்லை. நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் வைத்திருக்கும் வரை, அடுத்த டிசலே தற்செயலாகத்தான் கிடைப்பார்.