தேடலில் முதலில் வருவது எல்லாம் சரியானதா?

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்களிடம் 'பவானி ஜமக்காளம்' பற்றித் தகவல் திரட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் தேடுபொறியில் அந்தச் சொல்லை இடுவார்கள். முதலில் வரும் பக்கத்தைத் திறப்பார்கள். அதில் உள்ளதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் ஏன் முதலில் வந்தது என்று கேட்பவர் குறைவு. முதலில் வந்தால் அதுதான் சரி என்ற எண்ணம் மாணவர்களிடம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. இந்த வரிசை எப்படி உருவாகிறது, அதன் விதிகள் எப்படி மாறுகின்றன என்பதை ஆசிரியர்கள் அறிந்திருந்தால்தான் இந்த எண்ணத்தைத் திருத்த முடியும்.

வரிசை உருவாகும் விதம்

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் விற்பவரின் பேச்சை மட்டும் நம்புவதில்லை. பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பார். கூகுளை 1998இல் தொடங்கிய லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரின் அடிப்படை யோசனையும் ஏறக்குறைய இதுதான். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, இணைப்புக் கொடுப்பவை எவ்வளவு மதிப்புடையவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். இன்று அதனுடன் தேடுபவர் இருக்கும் ஊர், பயன்படுத்தும் மொழி, பக்கம் கைப்பேசியில் ஒழுங்காகத் திறக்கிறதா என்பன போன்ற பல கூறுகள் சேர்ந்துள்ளன. அதனால்தான் ஒரே சொல்லைக் கோவையில் தேடுபவருக்கும் சென்னையில் தேடுபவருக்கும் வெவ்வேறு வரிசை வரக்கூடும்.

விசாரிக்கப்படும் நாலு பேரையும் விற்பவரே ஏற்பாடு செய்து நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? இணையத்தில் அதுவும் நடந்தது. காசு கொடுத்து இணைப்புகளை வாங்கி மேலே வந்த தளங்கள் ஏராளம். தேடலில் தம் பக்கம் முன்னே வருவதற்காகச் செய்யும் வேலைகளுக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். அதில் நேர்மையான வழியும் உண்டு. எடுத்துக்காட்டாக, மக்கள் 'ஜமக்காளம்' என்றும் எழுதுகிறார்கள், 'ஜமுக்காளம்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டு வடிவங்களையும் தன் பக்கத்தில் எழுதிவைக்கும் வியாபாரி இரண்டு விதமாகத் தேடுவோர் கண்ணிலும் படுவார். இதில் தவறில்லை. ஆனால், இந்த நுட்பம் தெரியாத நெசவாளர் எவ்வளவு நல்ல சரக்கு வைத்திருந்தாலும் பட்டியலில் பின்னே போய்விடுகிறார். ஆக, வரிசையில் இருக்கும் இடம் சரக்கின் தரத்தை மட்டும் காட்டுவதில்லை.

விளம்பரமும் தமிழும்

பட்டியலின் மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சிறிய குறிப்புடன் வருபவை கட்டணம் செலுத்திய விளம்பரங்கள். சந்தை நுழைவாயிலில் அதிக வாடகைக்கு எடுத்த கடையைப் போன்றவை அவை. கூகுள் 2000ஆம் ஆண்டு முதல் இவ்வாறு தேடல் விளம்பரங்களை விற்று வருகிறது.

தமிழைப் பொறுத்தவரை 2018 பிப்ரவரி முக்கியமான மாதம். கூகுளின் விளம்பரச் சேவைகள் அப்போதுதான் தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றன. தமிழில் எழுதும் தளங்களும் விளம்பர வருவாய் பெற வழி திறந்தது. நல்ல எழுத்துக்கு அது ஊக்கம். அதே சமயம், ஆள் வந்தால் காசு என்ற நிலையில், பரபரப்புத் தலைப்பிட்டு உள்ளே ஒன்றுமில்லாத பக்கங்களைத் தயாரிப்பவர்களுக்கும் அது ஊக்கமாயிற்று. பொதுத்தேர்வு முடிவு, கல்வி உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகிய சொற்களைச் சுற்றி இத்தகைய பக்கங்கள் அதிகம் முளைப்பதற்குக் காரணம், அவற்றைத் தேடுவோர் அதிகம் என்பதே.

அதே மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012இல் கொடுத்த புகாரின் பேரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குச் சென்றது. தேடல் வரிசை என்பது நிறுவனங்கள் வகுப்பது, கேள்விக்கு உட்பட்டது என்பதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

தேடல் விதிகள் ஆண்டுக்குப் பலமுறை மாறுகின்றன. தரமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ள 2011இல் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தது. காசுக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012இல் 'பென்குயின்' வந்தது. 2024 மார்ச்சில், இயந்திரத்தின் உதவியாலோ வேறு வழியிலோ மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களுக்கு எதிராகவும், காலாவதியான இணைய முகவரியை வாங்கி அதன் பழைய நற்பெயரைப் பயன்படுத்திக்கொள்வதற்கு எதிராகவும் விதிகள் அறிவிக்கப்பட்டன.

இவற்றில் கடைசியாகச் சொன்னது பள்ளிகள் கவனிக்க வேண்டியது. பள்ளியின் பெயரில் வாங்கிய இணைய முகவரியைப் புதுப்பிக்கத் தவறினால், அதை யார் வேண்டுமானாலும் வாங்கிச் சூதாட்ட விளம்பரங்களை நிரப்பிவிடலாம். பழைய நினைவில் பெற்றோர் அங்குதான் போவார்கள்.

2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடைகள் இந்தியத் தேடல் பக்கத்தின் மேலே வரத் தொடங்கின. சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் இவை அறிமுகமானபோது, பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டி நிற்கப் பசை சேர்க்கலாம் என்று ஒரு விடை வந்தது. யாரோ வேடிக்கையாக எழுதியதை இயந்திரம் உண்மையென எடுத்துக்கொண்டதன் விளைவு அது. சுருக்க விடையுடன் தரப்படும் மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இனி இன்னும் அவசியம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

உயர்நிலை வகுப்புகளில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து 'பவானி ஜமக்காளம்', 'ஈரோடு மஞ்சள்', 'கோவை வெட் கிரைண்டர்' ஆகியவற்றைத் தேடச் சொல்லலாம். மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. முதலில் வரும் பத்து முடிவுகளுக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்.

1. இது விளம்பரமா, இல்லையா?
2. எழுதியவர் யார்? நாம் இதை நம்புவதால் அவருக்கு என்ன லாபம்?
3. இதே செய்தியை வேறு யாரேனும் உறுதிப்படுத்துகிறார்களா?

மூன்றாவது கேள்விக்குச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளம் உதவும். கைத்தறிக்கு மட்டுமென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளில் ஜமக்காளமும் ஒன்று என்பதைச் சொல்லிவிட்டு, பட்டியலில் வரும் ஜமக்காளங்களில் கைத்தறி என்ற குறிப்பு எவற்றில் உள்ளது என்று பார்க்கச் சொல்லுங்கள். தேடல் வரிசைக்கும் ஒரு நெசவாளரின் பிழைப்புக்கும் உள்ள தொடர்பு அப்போது பிடிபடும்.

தொடக்க வகுப்புகளுக்குக் கணினி தேவையில்லை. ஒரு பழைய நாளிதழைக் கொடுத்து, செய்தியை நீல வண்ணத்திலும் விளம்பரத்தைச் சிவப்பு வண்ணத்திலும் கட்டம் போடச் சொன்னால் போதும். செய்தி போலவே தோன்றும் விளம்பரத்தைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

தேர்வு முடிவு நேரத்தில், அரசு முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' அல்லது 'என்.ஐ.சி. டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்த்த பின்னரே பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் உள்ளிட வேண்டும் என்பதை மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வலைப்பூ நடத்தும் ஆசிரியர்களுக்கு

பாடக்குறிப்புகள், வினாத்தாள்கள் ஆகியவற்றை இணையத்தில் பகிரும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர். திடீரென்று பார்வையாளர் குறைந்தால் பதற வேண்டாம். விதி மாற்றம் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் கூகுள் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 'தேடலில் முதலிடம் உறுதி' என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. தலைப்பில் வகுப்பு, பாடம், அலகு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவதும், பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் இடுவதும், பாடநூல் மாறும்போது பழையதைத் திருத்துவதும் போதும். தேடி வரும் மாணவருக்கு இவை உதவும். தேடுபொறி எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.